மதரஸாவில் அறிவியல்: பீரியட் ஒதுக்கினால் போதுமா?

உத்தரப் பிரதேச மதரஸா கல்வி வாரியச் சட்டம் (2004) செல்லாது என்று 2024 மார்ச் 22 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டம் செல்லும் என்றும், ‘காமில்’, ‘ஃபாஸில்’ என்ற உயர்கல்விப் பட்டங்களை வாரியம் வழங்கும் பகுதி மட்டும் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்துக்கு (1956) முரணாக இருப்பதால் செல்லாது என்றும் கூறியது. பாடத்தரத்தை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

வழக்கு நடந்த மாதங்களில் “மதரஸாவில் அறிவியலும் கற்றுத்தர வேண்டும்” என்று இரு தரப்பும் பேசின. அந்த வாக்கியத்துக்குக் குறைந்தது மூன்று வேறு பொருள்கள் உண்டு. மூன்றுக்கும் தேவைப்படும் ஆசிரியர் வேறு, செலவு வேறு, விளைவும் வேறு. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் திட்டங்கள் அறிவிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் அடையாளமில்லாமல் போகின்றன.

### முதலில்: எந்த மதரஸா?

செய்தியில் ஒரே சொல்லால் குறிக்கப்படுபவை நான்கு வகை நிறுவனங்கள்.

1. மக்தப். காலையிலோ மாலையிலோ ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் குர்ஆன் ஓதவும் தொழுகை முறையும் கற்கும் இடம். பிள்ளைகள் பகலில் வழக்கமான பள்ளிக்குப் போகிறார்கள். அறிவியலை அங்கேயே படிக்கிறார்கள்.
2. ஹிஃப்ழ் மதரஸாவும் அரபிக் கல்லூரியும். குர்ஆன் மனனத்துக்கும் ஆலிம் (மார்க்க அறிஞர்) பட்டத்துக்குமான முழுநேர, பெரும்பாலும் விடுதியோடு கூடிய படிப்பு. உண்மையான கேள்வி இங்கேதான் எழுகிறது.
3. மாநில வாரியத்தில் பதிவுபெற்ற மதரஸா. உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் உள்ளவை. தேர்வும் சான்றிதழும் வாரியத்துடையவை.
4. முஸ்லிம் நிர்வாகத்தில் நடக்கும் பொதுப் பள்ளிகள், கல்லூரிகள். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரி இந்த வகை. இவற்றை மதரஸா என்று சொல்வதே பிழை.

இந்தியாவில் பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவுக்குப் போகிறவர்கள் 3 முதல் 4 விழுக்காடுதான் என்று முஸ்லிம்களின் சமூக, கல்வி நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் கணக்கிட்டது. எண்ணிக்கையில் சிறிய குழு என்றாலும், நாளை இமாம்களாகவும் காஜிகளாகவும் மார்க்கத் தீர்ப்புச் சொல்பவர்களாகவும் வரப்போகிறவர்கள் இந்தக் குழுவிலிருந்தே வருகிறார்கள். ஒரு ஊரின் பாங்கு நேரமும் பெருநாள் தேதியும் இவர்கள் கையில் இருக்கின்றன.

### பிரிவு எப்போது வந்தது

இன்று தெற்காசிய மதரஸாக்கள் பலவற்றின் அடிப்படையாக உள்ள பாடத்திட்டத்துக்கு ‘தர்ஸே நிஜாமி’ என்று பெயர். லக்னோவின் ஃபிரங்கி மஹலைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் (இறப்பு 1748) வகுத்தது. அதில் இரண்டு பிரிவுகள் இருந்தன. குர்ஆன், ஹதீஸ் (நபிமொழி), ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) ஆகியவை ‘மன்கூலாத்’, அதாவது வழிவழியாக அறிவிக்கப்பட்டவை. தர்க்கம், தத்துவம், கணிதம், வானியல் ஆகியவை ‘மஃகூலாத்’, அதாவது அறிவால் ஆராயப்படுபவை. யூக்ளிடின் வடிவியலும் கோள்களின் இயக்கம் பற்றிய நூல்களும் பாடநூல்களாகவே இருந்தன. அரசு அலுவலுக்குப் போகிறவரும் மார்க்க அறிஞராக ஆகிறவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அலுவலுக்கான கல்வி வேறு பள்ளிக்குப் போனது. 1866இல் தேவ்பந்த் தாருல் உலூம் ஹதீஸையும் ஃபிக்ஹையும் காக்கும் பணியை முதன்மையாக எடுத்துக்கொண்டது. 1875இல் அலிகரில் சர் சையத் அகமது கான் தொடங்கிய கல்லூரி ஐரோப்பிய அறிவியலை எடுத்துக்கொண்டது. மஃகூலாத் ஏடுகள் பல மதரஸாக்களில் தொடர்ந்து ஓதப்பட்டன, ஆனால் கோப்பர்நிக்கஸுக்கு முந்தைய வானியலாகவே நின்றுவிட்டன. அதனால் ‘மதரஸாவில் அறிவியலைப் புகுத்துவது’ என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு துறை புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டது என்பதே சரி.

மார்க்கத்தின் பார்வையிலும் இதற்கு இடம் உண்டு. மருத்துவத்தையும் கணக்கையும் ‘ஃபர்ளு கிஃபாயா’ என்று இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) வகைப்படுத்தினார். சமூகத்தில் சிலராவது கற்றாக வேண்டும், ஒருவரும் கற்காவிட்டால் எல்லோர் மீதும் குற்றம் என்பது அதன் பொருள். ஊரில் மருத்துவர் இல்லாதபோதும் எல்லோரும் ஃபிக்ஹு படிக்கவே முண்டியடிக்கிறார்கள் என்று அவர் தம் காலத்தவரைக் கண்டித்திருக்கிறார்.

### சேர்ப்பதற்கு மூன்று வழிகள்

ஒன்று: அட்டவணையில் சேர்ப்பது. மார்க்கப் பாடங்கள் அப்படியே இருக்கும். மதியத்துக்கு மேல் இயற்பியல், வேதியியல், ஆங்கிலம். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு பாடநூல்கள், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டு: வசனத்தை ஒட்டுவது. அறிவியல் பாடம் ஒவ்வொன்றின் தலைப்பிலும் பொருத்தமாகத் தோன்றும் ஒரு வசனம் அச்சிடப்படும், அல்லது இந்தக் கண்டுபிடிப்பு முன்பே சொல்லப்பட்டது என்று கற்பிக்கப்படும்.

மூன்று: ஒரே கேள்வியை இரு துறையும் சேர்ந்து விடுவிப்பது. மார்க்கக் கடமை ஒன்று அளவையோ கணக்கையோ கேட்கிறது. அளவை அறிவியல் தரும். அந்த அளவுக்கு மார்க்கத்தில் என்ன எடை என்பதை ஃபிக்ஹு சொல்லும். எந்தக் கேள்விக்கு எது பதில் சொல்கிறது என்று மாணவர் பிரித்தறியப் பழகுகிறார்.

முதல் வழி தேவைதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாத ஆலிமுக்கு வேலைவாய்ப்பு மிகக் குறுகியது என்பதால் அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்குத் தகுதியானது மூன்றாவது மட்டுமே. இரண்டாவது மார்க்கத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்துக் கேடு செய்கிறது. முதலாவதையும் மூன்றாவதையும் ஒரே நாட்டில் பார்க்க வேண்டுமானால் இந்தோனேசியாவைப் பார்க்கலாம்.

### இந்தோனேசியா: 70–30 செய்த வேலை

1975இல் இந்தோனேசியாவின் மூன்று அமைச்சர்கள் கூட்டாக ஓர் ஆணை வெளியிட்டார்கள். மதரஸாப் பாடங்களில் 70 விழுக்காடு பொதுப் பாடம், 30 விழுக்காடு மார்க்கப் பாடம். பதிலுக்கு, மதரஸாச் சான்றிதழ் அரசுப் பள்ளிச் சான்றிதழுக்கு இணை. மாணவர் அரசுப் பள்ளிக்கு மாறலாம். பொதுப் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். 2003ஆம் ஆண்டின் தேசியக் கல்விச் சட்டம் இந்தச் சமநிலையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

வாரத்துக்கு 40 பீரியட் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்: 28 பொதுப் பாடம், 12 மார்க்கப் பாடம். இந்த 12க்குள் குர்ஆன், ஹதீஸ், அகீதா (நம்பிக்கைக் கோட்பாடு), ஃபிக்ஹு, இஸ்லாமிய வரலாறு, அரபி மொழி அனைத்தும் அடங்க வேண்டும். அரபி இலக்கணத்துக்கு (நஹ்வு, ஸர்ஃபு) தினமும் பயிற்சி வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று பீரியட் படித்தவர் மூல ஃபிக்ஹு நூலைத் தாமே வாசிக்கும் நிலைக்கு வருவது கடினம். மாணவர்களுக்குக் கதவுகள் திறந்தன, ஆலிம்கள் உருவாவது குறைந்தது.

இதைச் சரிசெய்ய 1987இல் மார்க்க விவகார அமைச்சர் முனாவிர் ஷாத்ஸாலி தனி வகை மேல்நிலை மதரஸாக்களைத் தொடங்கினார். விகிதம் தலைகீழ்: 70 மார்க்கம், 30 பொது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், அன்றைய தொழில்நுட்ப அமைச்சர் ஹபீபியின் தலைமையில் இருந்த தொழில்நுட்ப நிறுவனம் செர்போங்கிலும் கோரோன்தாலோவிலும் அறிவியலுக்கென்று ‘இன்சான் செந்தேக்கியா’ என்ற விடுதிப் பள்ளிகளைத் திறந்தது. பின்னர் அவை மார்க்க அமைச்சகத்தின் மதரஸாக்கள் ஆயின. ஆக, இரண்டையும் ஒன்றாக்கப் பிறந்த ஆணைக்குப் பிறகு ஆலிம்களுக்கு ஒன்று, அறிவியலாளர்களுக்கு ஒன்று என்று மீண்டும் இரண்டு தடங்கள் விழுந்தன. நேரத்தைப் பங்கிடுவதில் மட்டும் நின்றால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும். ஒரு நாளில் உள்ள மணிகள் கூடப்போவதில்லை.

பல்கலைக்கழக அளவில் அவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். 2002இல் ஜகார்த்தாவிலும் 2004இல் யோக்யகார்த்தா, மாலாங் நகரங்களிலும் மார்க்கக் கல்விக்கான உயர் நிறுவனங்கள் முழுப் பல்கலைக்கழகங்கள் ஆயின. யோக்யகார்த்தாவில் அமீன் அப்துல்லா முன்வைத்தது சிலந்திவலை வடிவம்: குர்ஆனும் சுன்னாவும் (நபிவழி) நடுவில், துறைகள் ஒன்றையொன்று தொட்டபடி சுற்றிலும். மாலாங்கில் இமாம் சுப்ரயோகோ வரைந்தது மரம்: மொழிகளும் இயற்கை, சமூக அறிவியலின் அடிப்படைகளும் வேர், மார்க்க மூலங்கள் அடிமரம், தொழில்துறைகள் கிளைகள். மாலாங்கில் முதலாண்டு மாணவர்கள் விடுதியில் தங்கித் தீவிர அரபிப் பயிற்சி பெற வேண்டும் என்பது இந்த மரத்தின் நடைமுறை வடிவம். படங்கள் அழகானவை. ஆனால் இயற்பியல் விரிவுரையாளர் திங்கட்கிழமை காலை வகுப்பில் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பதை எந்தப் படமும் சொல்வதில்லை. அதைச் சொன்னது வேறொரு துறை: ‘இல்முல் ஃபலக்’, அதாவது தொழுகை நேரம், கிப்லா (கஃபாவை நோக்கிய தொழுகைத் திசை), பிறை ஆகியவற்றுக்கான வானியல்.

### சுப்ஹு நேரம் எட்டு நிமிடம் தள்ளியது எப்படி

இந்தோனேசியாவின் பெரிய முஸ்லிம் அமைப்புகளில் ஒன்றான முஹம்மதியாவை 1912இல் யோக்யகார்த்தாவில் நிறுவியவர் அஹ்மத் தஹ்லான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கவுமான் பெரிய பள்ளிவாசல் நேர் மேற்கைப் பார்க்கிறது, கஃபாவோ அங்கிருந்து மேற்குக்கு 24 பாகைக்கு மேல் வடக்கே இருக்கிறது என்று அவர் கணக்கிட்டுச் சொன்னார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அவருடைய சிறு தொழுகையிடம் இடிக்கப்பட்டது. அந்த அமைப்பே நூறாண்டு கழித்து இன்னொரு திருத்தத்தைச் செய்தது.

கேள்வி. சுப்ஹு எனும் வைகறைத் தொழுகையின் நேரமும் நோன்பின் தொடக்கமும் ‘ஃபஜ்ர் ஸாதிக்’ எனும் மெய் வைகறையில் ஆரம்பிக்கின்றன. வெள்ளை இழை கறுப்பு இழையிலிருந்து தெளிவாகும் வரை உண்ணலாம் என்கிறது குர்ஆன் (2:187). அடிவானத்தில் கிடைமட்டமாகப் பரவும் ஒளியே அது. அதற்கு முன்பு செங்குத்தாக எழும் மங்கல் ஒளி ‘ஃபஜ்ர் காதிப்’, பொய் வைகறை. சூரியக் குடும்பத்தின் தளத்தில் உள்ள தூசியில் சூரிய ஒளி சிதறுவதால் அது தெரிகிறது என்று இன்று அறிவோம்.

அளவு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது மெய் வைகறை தொடங்குகிறது? உலக முஸ்லிம் லீக் முறை 18 பாகை என்கிறது. எகிப்து 19.5. வட அமெரிக்காவில் பரவலான முறை 15. இந்தோனேசியா 20ஐப் பின்பற்றியது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஒரு பாகை நகர ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும்.

அளக்கும் முறை. வானத்தின் ஒளிர்வை நொடிகள், நிமிட இடைவெளியில் பதியும் சிறு கருவியை வானத்தை நோக்கி வைக்கிறார்கள். இரவு முழுவதும் வரைகோடு தட்டையாகப் போகும். வைகறையில் ஓரிடத்தில் வளையத் தொடங்கும். அந்தக் கணத்தில் சூரியனின் தாழ்வுக் கோணம் என்ன என்று கணக்கிடுகிறார்கள். முஹம்மதியாவின் பல்கலைக்கழகங்கள் மேடான், யோக்யகார்த்தா, ஜகார்த்தா நகரங்களில் இதற்கான மையங்களை நடத்துகின்றன.

எங்கே பிழை நுழையும். நிலவுள்ள இரவு, மெல்லிய மேகம், நகர வெளிச்சம். இவற்றில் நகர வெளிச்சமே பெரிய வில்லங்கம். வானம் ஏற்கெனவே வெளுத்திருப்பதால் மிக மங்கலான முதல் ஒளி அதில் மூழ்கிவிடும். வரைகோடு தாமதமாக வளையும். கோணம் உண்மையைவிடச் சிறியதாகக் கிடைக்கும். எனவே இருண்ட வானமுள்ள இடங்களின் பதிவுகளைத் தனியே பிரித்துப் பார்க்காமல் சராசரி எடுத்தால் விடை தவறாகும்.

தீர்ப்பு. 2020 டிசம்பரில் முஹம்மதியாவின் மார்க்கத் தீர்ப்புப் பேரவை 20ஐ விட்டு 18 பாகையை ஏற்றது. சுப்ஹு நேரம் ஏறத்தாழ எட்டு நிமிடம் பின்னுக்குப் போனது. அரசின் மார்க்க அமைச்சகம் தன் கவனிப்புகளின் அடிப்படையில் 20 பாகையிலேயே நிற்கிறது.

இந்த வேறுபாட்டைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு தரப்பும் அளவீட்டைக் காட்டி வாதாடுகின்றன என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. மேலும், கருவி ‘இத்தனை பாகை’ என்று மட்டும்தான் சொன்னது. கருவி முதலில் உணரும் மாற்றம்தான் வைகறையா, கண்ணுக்குத் தெளிவாகும் கணம்தான் வைகறையா என்று கருவியால் சொல்ல முடியாது. ‘தெளிவாகும் வரை’ என்ற சொல்லின் பொருளை ஆராய்ந்து அதைத் தீர்மானிப்பது தஃப்ஸீரும் (குர்ஆன் விளக்கவுரை) ஃபிக்ஹும். நேரத்துக்கு முன் தொழுதால் தொழுகை செல்லாது, நேரம் வந்த பின் உண்டால் நோன்பு செல்லாது என்ற இரு பக்க ஆபத்தையும் எடைபோட்டு, பேணுதலுக்காக எந்தப் பக்கம் சாய்வது என்று சொல்வதும் அவைதான்.

### வகுப்பில் செய்து பார்க்க: சென்னையின் கிப்லா

இதே முறையை அரபிக் கல்லூரி வகுப்பில் கருவி வாங்காமலே நடத்தலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதம் தெரிந்திருந்தால் போதும்.

1. தட்டையான உலக வரைபடத்தில் சென்னைக்கும் மக்காவுக்கும் இடையே ஸ்கேலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு மேற்கிலிருந்து ஏறத்தாழ 12 பாகை வடக்கே சாயும்.
2. பூகோள உருண்டையில் அதே இரு ஊர்களுக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் இன்னும் வடக்கே சாய்ந்து கிளம்புவது கண்ணுக்கே தெரியும்.
3. இப்போது கோளக் கணக்கு. சென்னை: அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. மக்கா: 21.42, 39.83. தீர்க்கரேகை வேறுபாடு 40.44 பாகை. சென்னை அட்சரேகையின் கொசைனை மக்கா அட்சரேகையின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் 0.382. சென்னை அட்சரேகையின் சைனைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனால் பெருக்கினால் 0.172. கழித்தால் 0.210. வேறுபாட்டின் சைன் 0.649. இதை 0.210ஆல் வகுத்தால் 3.09. அதற்குரிய கோணம் 72 பாகை. வடக்கிலிருந்து மேற்காக 72 என்றால், நேர் மேற்கிலிருந்து வடக்கே 18 பாகை.
4. சரிபார்ப்பு. ஆண்டுக்கு இரு முறை சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது: மே 28ஐ ஒட்டி இந்திய நேரம் பிற்பகல் 2:48க்கும், ஜூலை 16ஐ ஒட்டி 2:57க்கும். அந்த நேரத்தில் ஒரு மீட்டர் கோலைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நிறுத்தினால் சென்னையில் நிழல் 82 சென்டிமீட்டர் விழும். நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கிய திசையே கிப்லா. மேகம் மறைத்தால் முந்தைய நாளோ மறுநாளோ செய்யலாம்; பிழை ஒரு பாகைக்குள்தான் இருக்கும்.

கைபேசித் திசைகாட்டியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே காட்டிவிடலாம். இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தூணுக்குப் பக்கத்தில் ஒரு முறை, திறந்த மைதானத்தின் நடுவில் ஒரு முறை அளந்தால் எண்கள் பல பாகை மாறுபடும்.

அறிவியல் பகுதி முடிந்தது. வரைபடக் கோட்டை நம்பிக் கட்டிய பள்ளிவாசல் 6 பாகை விலகியிருக்கும் என்று மாணவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கே இதுவரை தொழுத தொழுகைகளின் நிலை என்ன? ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபு) கஃபா இருக்கும் ‘ஜிஹத்’, அதாவது பொதுத் திசை போதும். 6 பாகை அதற்குள் அடங்கும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து ‘அய்ன்’, கஃபாவையே நேராக நோக்க முயல வேண்டும் என்பது. தொலைவில் இருப்பவருக்கு அது தம் அறிவுக்கு எட்டிய வலுவான எண்ணத்தின் அளவில். தமிழ் முஸ்லிம்களில் இரு மத்ஹபினரும் உண்டு என்பதால் இந்தப் பாடம் வகுப்போடு நிற்காது. நாளை ஒரு ஜமாஅத்தில் ஸஃப்பை (தொழுகை வரிசை) திருப்ப வேண்டுமா என்ற சர்ச்சை வந்தால், கணக்கையும் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்த ஓர் இமாமால் ஊர் இரண்டாகாமல் காக்க முடியும்.

வாரிசுரிமைச் சட்டமான ஃபராயிளும் இப்படிப்பட்ட இடம்தான். கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டும் வாரிசு என்றால் பங்குகள் 1/2 + 2/3 = 7/6. சொத்தைவிடப் பங்கு அதிகம். பகுதி எண்ணை 6இலிருந்து 7ஆக உயர்த்தி கணவருக்கு 3/7, சகோதரிகளுக்கு 4/7 என்று எல்லோர் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைப்பதே ‘அவ்ல்’. அல்குவாரிஸ்மியின் இயற்கணித நூலில் கணிசமான பகுதி இப்படிப்பட்ட சொத்துப் பங்கீட்டுக் கணக்குகளே. பின்னம் சொல்லித்தரும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

### பிறை: கணக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஆண்டுதோறும் குழப்பம் வரும் இடம். மூன்று சொற்கள் தெளிவானால் பாதிக் குழப்பம் தீரும். ‘சங்கமம்’ என்பது சூரியனும் நிலவும் ஒரே திசையில் வரும் கணம், அமாவாசை. ‘உயரம்’ என்பது சூரியன் மறையும்போது நிலவு அடிவானத்துக்கு மேலே இருக்கும் பாகை. ‘விலக்கம்’ என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம்.

சங்கமத்துக்குப் பின் நிலவு சூரியனிலிருந்து மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை விலகுகிறது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், புருனே ஆகிய நாடுகள் முன்பு உயரம் 2, விலக்கம் 3 பாகை இருந்தால் பிறை தெரியக்கூடும் என்று வைத்திருந்தன. அவ்வளவு நெருக்கத்தில் பிறையின் கீற்றே உருவாகாது என்பது கவனிப்புப் பதிவுகளில் தெளிவானதும், உயரம் 3, விலக்கம் 6.4 என்று மாற்றின. 6.4 பாகைக்கு விலகச் சங்கமத்துக்குப் பின் சுமார் 12, 13 மணி நேரம் வேண்டும். நிலவின் பாதை சூரியப் பாதைக்கு 5 பாகை வரை சாய்ந்திருப்பதால் சில மாதங்களில் இன்னும் குறைந்த நேரமும் போதும். முஹம்மதியா நெடுங்காலம் ‘சங்கமம் முடிந்து, சூரியனுக்குப் பின் நிலவு மறைந்தால் போதும்’ என்று கணக்கை மட்டுமே கொண்டது. 2025இல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹிஜ்ரி நாட்காட்டிக்கு மாறியது.

கணக்கைக் கொண்டு மாதத்தைத் தொடங்கலாமா என்பது மார்க்கக் கேள்வி. வானியல் அதற்குப் பதில் சொல்லாது. ஆனால் பிறை தெரிய வாய்ப்பே இல்லாத மாலையில் “பார்த்தேன்” என்று வரும் சாட்சியை ஏற்கலாமா என்ற கேள்வியில் கணக்குக்கு நேரடி இடம் உண்டு. ஷாஃபிஈ அறிஞர் தகிய்யுத்தீன் அஸ்ஸுப்கி (இறப்பு 1355) உறுதியான கணக்கு மறுக்கும் சாட்சியத்தை நிராகரிக்க வேண்டும் என்றார். எகிப்திய ஹதீஸ் அறிஞர் அஹ்மத் ஷாகிர் 1939இல் ஒரு படி மேலே போய், கணக்கைக் கொண்டே மாதத்தைத் தீர்மானிக்கலாம் என்று எழுதினார். இந்த இருவரையும் அவர்களை மறுத்தவர்களையும் ஃபிக்ஹு வகுப்பில் படிக்கும் மாணவர், அன்றே அடுத்த பீரியடில் அடுத்த மாதப் பிறையின் உயரத்தையும் விலக்கத்தையும் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அந்த வாதம் எதைப் பற்றியது என்று புரியும்.

### வசனத்தை ஒட்டுவதில் உள்ள கேடு

1976இல் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் புகாய் எழுதிய நூலுக்குப் பிறகு ‘அறிவியல் அற்புதம்’ என்ற வகை பெருகியது. ஓர் எடுத்துக்காட்டு. ‘அல்ஹதீத்’ (இரும்பு) 57ஆவது அத்தியாயம். இரும்பின் ஓர் ஐசோடோப்பின் நிறை எண்ணும் 57. எனவே அற்புதம் என்று சொல்லப்படுகிறது. இரும்புக்கு நிலையான ஐசோடோப்புகள் நான்கு: 54, 56, 57, 58. இயற்கையில் சுமார் 92 விழுக்காடு 56தான். 57 இருப்பதோ 2 விழுக்காடு. நான்கில் பொருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பதைத்தான் இங்கே மாணவர் கற்கிறார். பிளஸ் டூ வேதியியலில் உண்மையைப் பார்க்கும் நாளில் அவர் எதைச் சந்தேகிப்பார்? சொன்ன ஆசிரியரை மட்டுமல்ல, ஆசிரியர் எதன் பெயரால் சொன்னாரோ அதையும்தான்.

கஸ்ஸாலி இதை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார். கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்பது அவர் வாதம். நபிகளாரின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்த இறப்புக்காகத்தான் என்று மக்கள் பேசினார்கள். சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் அடைவதில்லை என்று நபிகளார் மறுத்தார்கள். தம் தரப்புக்குச் சாதகமாக வந்த தவறான காரணத்தைக்கூட ஏற்காத இந்த ஹதீஸை அறிவியல் வகுப்பின் முதல் நாளில் சொல்லலாம்.

பரிணாமம் தனிச் சிக்கல். துருக்கி 2017இல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதை நீக்குவதாக அறிவித்தது. இந்தியாவிலும் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தது. ஆகவே இது ஒரு மதத்தாரின் சிக்கல் மட்டுமன்று. நீக்குவதால் மாணவருக்கு மரபணு, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஏன் செயலிழக்கிறது என்பதெல்லாம் புரியாமல் போகும். கொள்கை என்ன சொல்கிறது, அதற்கான சான்றுகள் எவை என்பதை முழுமையாகக் கற்பிக்க வேண்டும். ஆதம் (அலை) பற்றிய வசனங்களை முஸ்லிம் அறிஞர்கள் எவ்வாறெல்லாம் அணுகுகிறார்கள் என்பதை அகீதா வகுப்பில் நேர்மையாகப் பேச வேண்டும். முழுமையாக ஏற்பவர், மனிதரை மட்டும் விலக்காகக் கொள்பவர், முற்றிலும் மறுப்பவர் என மூன்று நிலைகள் இன்று உண்டு. தேர்வில் கேட்க வேண்டியது ‘கொள்கை என்ன சொல்கிறது’ என்பதை. ‘நீ நம்புகிறாயா’ என்பதை அல்ல.

### திட்டங்கள் ஏன் நடுவில் நிற்கின்றன

இந்தியாவில் மதரஸாக்களில் தரமான கல்விக்கென்று மத்திய அரசு நடத்திய திட்டத்தில் அறிவியல், கணிதம் கற்பிக்கும் பட்டதாரிக்கு மாதம் 6,000 ரூபாய், முதுகலை அல்லது பி.எட். முடித்தவருக்கு 12,000 ரூபாய் மதிப்பூதியம். உத்தரப் பிரதேசத்தில் அதுவும் ஆண்டுக்கணக்கில் நிலுவையானது. 2022க்குப் பின் திட்டமே தொடரவில்லை. இந்தச் சம்பளத்துக்கு வரும் ஆசிரியர் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார். போனதும் பாடம் நிற்கும், ஆனால் அட்டவணையில் பெயர் இருக்கும்.

தமிழ் பேசும் உலகில் நீண்ட நாள் நிலைத்த முயற்சிக்கு இலங்கை பேருவளையின் ஜாமிஆ நளீமிய்யா (1973) எடுத்துக்காட்டு. நளீம் ஹாஜியார் நிறுவியது. மார்க்கப் படிப்போடு பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் மாணவர்கள் தயாராகிறார்கள். கேரளத்தில் செம்மாட்டின் தாருல் ஹுதா (1986) இதே போன்ற நீண்ட காலப் படிப்பை நடத்துகிறது. இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை: மார்க்கப் பாடத்தின் நேரத்தைப் பறிக்காமல் மொத்தப் படிப்பின் ஆண்டுகளைக் கூட்டிக்கொண்டார்கள்.

‘ஒருங்கிணைந்த கல்வி’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை:

1. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எந்த வாரியத்தில்? மாநில வாரியமா, தேசியத் திறந்தநிலைப் பள்ளியா? பதிவு எண்ணைக் காட்டுவார்களா?
2. பட்டம் தருவதாகச் சொன்னால், அதைத் தரும் பல்கலைக்கழகம் எது? 2024 தீர்ப்புக்குப் பின் ‘காமில்’, ‘ஃபாஸில்’ சான்றிதழை மட்டும் வைத்து அது பட்டப்படிப்புக்கு இணை என்று சொல்ல முடியாது.
3. அறிவியல் ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்? ஆய்வகத்தில் கடந்த மாதம் மாணவர்கள் தங்கள் கையால் செய்த சோதனை எது?
4. அறிவியல் ஆசிரியரும் ஃபிக்ஹு உஸ்தாதும் சேர்ந்து நடத்தும் பாடம் ஒன்றாவது உண்டா? பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையில் சுப்ஹுக்கு எத்தனை பாகை எடுத்திருக்கிறார்கள் என்று மூத்த மாணவர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.
5. ஹிஃப்ழ் முடிக்கும் ஆண்டுகளில் கணக்கும் அறிவியலும் முற்றிலும் நின்றுவிடுகிறதா? நின்றால், பின்னர் ஆறாம் வகுப்புப் பின்னத்திலிருந்து மீண்டும் தொடங்க இணைப்பு வகுப்பு இருக்கிறதா? இடையில் படிப்பை விடும் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடைவெளியில்தான்.